பனங்கூடலா, தீவா, மணலா?

லண்டனில் இருந்து அக்கா குடும்பம் பெப்ரவரி முதல் வாரம் வருகிறது. அக்காவின் மகனுக்குப் பத்தொன்பது வயது. வருவதற்கு முன்பே வைபரில் சொல்லிவிட்டான்: "மாமா, கோயிலும் சொந்தக்காரர் வீடும் மட்டும் எண்டால் எனக்கு அலுத்துப்போயிடும். ஒரு நாள் நடப்பம். காடும் இருக்கவேணும், பழைய கட்டடமும் இருக்கவேணும்." அங்கே சனி, ஞாயிறுகளில் அவனுடைய பொழுதுபோக்கு அதுதான். வயலோரத்தில் தொடங்கும் ஒற்றையடிப் பாதை மரங்களுக்குள் நுழைந்து, ஏதாவது இடிந்த மடாலயத்துக்குப் பக்கத்தில் வெளியே வருமாம். நிலம் தனியாருடையது என்றாலும் அந்தப் பாதைகளில் எவரும் நடக்கலாம். இங்கிலாந்துச் சட்டம் அந்த உரிமையைக் காக்கிறது.

"இஞ்சை எங்க காடு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மலை இல்லை, ஆறு இல்லை. பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளில் வந்து நிற்கிறது. கீரிமலை என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அங்கே மூச்சு வாங்க ஏறும்படி எதுவும் கிடையாது. மரம் என்று பார்த்தால் பனங்கூடல் உண்டு, கடலோரத்தில் பற்றைக்காடு உண்டு, மணற்காட்டுப் பக்கம் சவுக்கு உண்டு. பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் என்னவென்றால், நிழல் உள்ள இடத்தில் கல் இருக்காது, கல் உள்ள இடத்தில் நிழல் இருக்காது.

நடக்கப்போவது ஐந்து பேர். நான், மருமகன், அவனுடைய பன்னிரண்டு வயதுத் தங்கை, முழங்கால் நோகிற அக்கா, எங்கே போனாலும் பதினொரு மணிக்குத் தேத்தண்ணி தேடும் அத்தான். இந்தக் கூட்டத்துக்கு எந்த வழி சரிவரும் என்று மூன்றை எடுத்து வைத்து யோசித்தேன். எந்த இடம் பெயர்போனது என்று நான் பார்க்கவில்லை. நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, ஒருவருக்கு ஏலாமல் போனால் பாதியில் திரும்ப முடியுமா என்றுதான் பார்த்தேன்.

யாழ்ப்பாணக் கோட்டை, நல்லூர் மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வளைவு, யமுனா ஏரி எல்லாவற்றையும் முதலிலேயே தள்ளிவிட்டேன். ஒரு பின்னேரம் ஓட்டோவில் சுற்றினாலே பார்த்துவிடலாம். பஸ் ஹோர்ன்களுக்கு நடுவே நடப்பதை மருமகன் நடை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டான். சுண்டிக்குளத்தை ஒரு நண்பர் சொன்னார். 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. அருமையான இடம்தான். ஆனால் பழைய கட்டடத்துக்காகப் போகிற இடமல்ல அது, போய் வருவதற்கே அரை நாள் வேண்டும்.

கந்தரோடையிலிருந்து கீரிமலை

இதன் பெரிய வசதி ரயில். 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை பாதை திரும்பவும் திறந்ததிலிருந்து, சுன்னாகத்தில் இறங்கி நடக்கத் தொடங்கி, வடக்கே எந்த ஸ்ரேசனில் களைத்தாலும் அங்கேயே ஏறிவிடலாம். மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று வரிசையாக வருகின்றன. முழங்கால் நோகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

சுன்னாகத்திலிருந்து கந்தரோடை ஏறத்தாழ அரை மணி நேர நடை. செம்பாட்டு மண், வெங்காயத் தோட்டம், கிளுவை வேலி, வேலிக்கு நடுவே ஒழுங்கை. ஒழுங்கை முடிகிற இடத்தில், பனைகளுக்குக் கீழே, கம்பி வேலிக்குள் சின்னச் சின்னத் தூபிகள். முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் "இவ்வளவு சிறிசா?" என்றுதான் கேட்பார்கள். அனுராதபுரத்துத் தாதுகோபங்களை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். சிலவற்றில் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிலவற்றின் மேற்பகுதி பிற்காலத்தில் கட்டி எழுப்பியது. எல்லாம் முருகைக்கல். குனிந்து பார்த்தால் கல்லில் பூப்பூவாகக் குழிகள் தெரியும், ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த முருகை அது.

வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ் 1917இலிருந்து 1919 வரை இங்கே ஆய்வு செய்தார். இந்திய முத்திரை நாணயங்களும் உரோம நாணயங்களும் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் தோண்டியபோது பெருங்கற்காலத்துக் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. அதாவது தூபிகளுக்கும் முன்பே இங்கே ஊர் இருந்திருக்கிறது. இது யாருடைய பௌத்தம், சிங்களவருடையதா தமிழருடையதா என்ற வாக்குவாதம் பெயர்ப்பலகையிலேயே தொடங்கிவிடும். அத்தானை அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்க விடக்கூடாது, அரை மணி நேரம் போய்விடும்.

அங்கிருந்து வடக்கே கீரிமலை வரை ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். பெரிய ரோட்டை விட்டு உள் ஒழுங்கைகளில் போனால், வலிகாமத்தின் பழைய நடைப்பயணம் எப்படி இருந்திருக்கும் என்பது இன்னும் கொஞ்சம் தெரியும். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், குடிக்கவும் குளிக்கவும் கேணி, படுக்க மடம். இந்த நாலும் சேர்ந்து இருந்தால் அது ஒரு காலத்தில் ஆட்கள் நடந்து போன வழி என்று அர்த்தம். பிள்ளை பெறாமல் இறந்த கர்ப்பிணிகளின் நினைவாகச் சுமைதாங்கி கட்டும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. இதையெல்லாம் மருமகனுக்குக் காட்ட எனக்கு ஆசைதான்.

தெல்லிப்பழை தாண்டியதும் காட்சி மாறும். 1990இல் சனம் இடம்பெயர்ந்து, பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த காணிகள். விடுவிக்கப்பட்ட இடங்களில் புது வீடுகள் எழும்புகின்றன. அவற்றுக்கு நடுவே கூரையில்லாத பழைய வீடுகளும் நிற்கின்றன. விறாந்தையில் வேம்பு முளைத்து, சுவரைப் பிளந்து மேலே போயிருக்கும். காடும் இடிபாடும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அவன் கேட்டானே, சொல்லப்போனால் அது அச்சொட்டாகக் கிடைக்கிற இடம் இதுதான். ஆனால் அந்த வீட்டுக்காரர் இன்றும் சுன்னாகத்திலோ கனடா ஸ்காபரோவிலோ உயிரோடு இருக்கக்கூடும். அதை இடிபாடு என்று சொல்லிப் படமெடுக்க எனக்கு மனம் வராது.

முடிவில் கீரிமலைக் கேணி. கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். உள்நாட்டில் பெய்த மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே ஓடிவந்து கடற்கரையில் ஊற்றாக வெளிப்படுகிறது. நகுல முனிவரின் கீரிமுகம் இங்கே குளித்துத்தான் மாறியது என்பது கதை. மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் மாறிய கதையும் இதே தண்ணீரைத்தான் சுற்றுகிறது, மா என்றால் குதிரை, மாவிட்டபுரத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான் என்பார்கள். கதையை விடுங்கள், பத்துக் கிலோமீற்றர் நடந்த காலுக்கு அந்தக் குளிர் போதும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி.

குறை என்ன? நிழல். பனை நிழல் தரும் மரமல்ல, மத்தியானம் அதன் நிழல் அதன் காலடியிலேயே விழும். தெல்லிப்பழைக்குப் பிறகு வெட்ட வெளி. மோட்டார் சைக்கிள்களும் லொறிகளும் கூடவே வரும். வரலாற்றுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு, காட்டுக்குப் பத்து.

நெடுந்தீவு

எல்லோரும் சொல்லுவது இதைத்தான். மருமகனும் படம் பார்த்துவிட்டு "குதிரை, மாமா, குதிரை!" என்று அனுப்பியிருந்தான்.

அழகில் இதற்குச் சமமாக யாழ்ப்பாணத்தில் வேறொன்று இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஏறத்தாழ ஐம்பது சதுரக் கிலோமீற்றர் பரப்பு. காணிக்குக் காணி முருகைக்கல்லை அடுக்கிய வேலி, நடுவே சாந்து எதுவும் இல்லை. சின்னப் பிள்ளை மிதித்து ஏறினால் ஒரு கல் விழும், வீட்டுக்காரர் வந்து பேசாமல் எடுத்துத் திரும்ப வைப்பார். ஒல்லாந்தர் டெல்ஃப்ட் என்ற தங்கள் ஊர்ப் பெயரைத் தீவுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். நம்மவர் வாயில் அது நெடுந்தீவாகவே நிற்கிறது. இடிந்த இரண்டு மாடிக் கோட்டை, புறாக்கூடு, மேற்கே வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் இடத்தில் பழைய பௌத்தக் கட்டடங்களின் அடித்தளங்கள். பெருக்கமரம் (பாவோபாப்) அராபிய வணிகரோடு ஆபிரிக்காவிலிருந்து வந்தது என்பார்கள். அதன் அடியில் உள்ள பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழி வந்தவை இன்று தெற்குப் புற்றரையில் கட்டாக்காலியாகத் திரிகின்றன.

ஆனால் கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். படகில் இன்னொரு மணி நேரம். திரும்பி வரவும் அதே அளவு. நடுவே கிடைப்பது சில மணி நேரம்தான். இறங்குதுறையும் கோட்டையும் வடக்கே, குதிரைகள் தெற்கே. நடந்து போய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் படகு போய்விடும். அதனால் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? இறங்கியதும் ஒரு ஓட்டோவையோ பிக்கப்பையோ பிடித்து, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் இறங்கி ஏறிவிட்டு வருகிறார்கள். அது நல்ல சுற்றுலா, நடை அல்ல.

எனக்கு ஒரு பழைய கோபமும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓகஸ்ட் மாதம் நண்பர்களோடு போனேன். சோளகக் காற்று விளாசுகிற காலம். நாங்கள் கோட்டைச் சுவரில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது பின்னேரப் படகை நிறுத்திவிட்டார்கள். துறையில் நின்ற யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு முன்பின் தெரியாத ஒரு அம்மா வீட்டு விறாந்தையில் படுத்தோம். ஒடியல் கூழ் தந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். விடியப்புறம் நான்கு மணிக்குக் கல்வேலிகளுக்கு நடுவே தனியாக நடந்தேன். தீவில் உண்மையில் நடந்தேன் என்று சொல்லக்கூடியது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆகவே நெடுந்தீவுக்கு ஒரு நாள் காணாது. ஒரு இரவு தங்கலாம் என்றால் போகலாம். பெப்ரவரி அதற்கு நல்ல மாதம். மாரி மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், குதிரைகளும் எலும்பு தெரியாமல் நிற்கும். ஆடி ஆவணியில் தண்ணீருக்கு அவை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

பருத்தித்துறையிலிருந்து மணற்காடு

நான் கடைசியில் வந்து நின்றது இதில்தான்.

தொடக்கம் பருத்தித்துறைத் தெருமூடிமடம். பெயரே எல்லாம் சொல்லிவிடும். தெருவை மூடிக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை வைத்துக் கட்டிய மடம். தெரு அதற்குள்ளாகப் போகிறது. வெயிலில் நடந்து வந்தவர் தெருவை விட்டு இறங்காமலே நிழலில் இருக்கலாம். நடைக்காரனுக்காக இவ்வளவு யோசித்துக் கட்டிய கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போகும் வழியில் ஒரு பை பருத்தித்துறை வடை வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டையாக, மொறுமொறுவென்று, மூன்று நாள் வைத்தாலும் கெடாது. நடைக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

தும்பளை, கற்கோவளம் வழியாக வல்லிபுரம் ஐந்தாறு கிலோமீற்றர். கற்கோவளம் தாண்டியதும் காலடி மெதுவாகத் தளரத் தொடங்கும். தார் ஓரத்தில் மணல், பிறகு தாரின் மேலேயே மணல், பிறகு மணல் மட்டும். வேலிகள் குறைந்து வடலிகள், அதாவது இளம் பனைகள், கூடும். மண்கும்பிகளைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு செடிகள். ஒன்று அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை, வேர் விட்டு வேர் விட்டு ஒரு மேட்டையே கட்டிப்போட்டிருக்கும். மற்றது இராவணன் மீசை. அதன் முள்ளுருண்டை காய்ந்து கழன்றதும் காற்றில் உருண்டு ஓடும். சின்னவளுக்கு அதைத் துரத்தவே அரை மணி நேரம் போகும் என்று நினைக்கிறேன். காலில் ஏறினால் அழுவாள், அதுவும் தெரியும்.

வல்லிபுர ஆழ்வார் கோயிலில் மூலவர் சக்கரம். புரட்டாதித் திருவிழாவில் கடல் தீர்த்தத்துக்கு ஊரே மணலில் நடக்கும். எங்களுக்கு அன்று வேண்டியது மண்டப நிழலும் தண்ணீரும். அக்காவும் அத்தானும் விரும்பினால் அங்கேயே நின்றுகொள்ளலாம், ஓட்டோ கிடைக்கும், தேத்தண்ணியும் கிடைக்கும். இந்த ஊர் மேலே தெரிகிறதைவிட ஆழமானது. 1936இல் இங்கே ஒரு பொற்சாசனம் கிடைத்தது. அனுராதபுரத்து வசப மன்னன் காலத்தில், அன்று நாகதீவு எனப்பட்ட இந்தப் பகுதியை நிர்வகித்தவர் ஆட்சியில் ஒரு விகாரை கட்டப்பட்டதைச் சொல்லும் பிராமி எழுத்து. அதன் மொழியையும் பொருளையும் பற்றி அறிஞர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். இங்கே கிடைத்த புத்தர் சிலை ஒன்று 1906இல் சீயம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்குப் பரிசாகப் போனது. கோயிலைச் சுற்றிய மணலில் குனிந்து நடந்தால் பானை ஓடுகள் தட்டுப்படும். பார்க்கலாம், எடுக்கக்கூடாது. அந்த ஓடு கிடந்த இடத்தில் கிடந்தால்தான் ஆய்வாளருக்கு ஏதாவது சொல்லும். மருமகனின் சட்டைப் பையில் போனால் அது வெறும் ஓடு.

அங்கிருந்து தென்கிழக்கே மணற்காடு இன்னும் ஐந்து கிலோமீற்றர் அளவு. இங்கேதான் அவன் கேட்ட மரங்கள். சவுக்கு தானாக வளர்ந்த காடல்ல, நட்டது. சுத்த இயற்கைப் பிரியர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது பிரச்சினையில்லை. உள்ளே நுழைந்ததும் மணலின் சூடு நின்றுவிடும். காலுக்குக் கீழே உதிர்ந்த சவுக்கின் ஊசிகள் பாய் விரித்தது போல். மேலே காற்று போகும்போது வரும் இரைச்சலைக் கடல் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பீர்கள். கடல் மறுபக்கம் இருக்கும்.

மரங்களை விட்டு வெளியே வந்தால் மண்கும்பிகள், அவற்றுக்கு நடுவே பழைய அந்தோனியார் கோயில். கூரை எப்போதோ போய்விட்டது. முருகைக்கல் சுவர்களும் வளைவுகளும் மட்டும் நிற்கின்றன, உள்ளே மணல். போகும் ஒவ்வொரு முறையும் மணல் மட்டம் வேறு மாதிரி இருக்கும். சென்ற முறை வாசற்படி தெரிந்தது, அதற்கு முந்திய முறை நான் அதன் மேல் நிற்கிறேன் என்பதே தெரியவில்லை. வாடைக் காற்றும் சோளகக் காற்றும் முறை வைத்து மூடித் திறக்கின்றன. கொஞ்சம் தள்ளிச் சேமக்காலை. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரிலிருந்து எடுத்துக்கொண்டவர்களின் சிலுவைகள் அங்கே உண்டு. அங்கே குரலைத் தாழ்த்தவேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

குறைகள் இதற்கும் இருக்கின்றன. பத்து மணிக்குப் பிறகு மணல் அடுப்பு. மணலில் ஒரு கிலோமீற்றர் தாரில் இரண்டுக்குச் சமம், ஆகவே தூரத்தை நம்பி நேரம் போடக்கூடாது. வல்லிபுரத்துக்கும் மணற்காட்டுக்கும் நடுவே கடை எதுவும் இருக்குமென்று நம்பிப் போகவேண்டாம், ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும். சப்பாத்துக்குள் மணல் புகுந்து கொப்புளம் வரும், பின்னால் வார் உள்ள செருப்புத்தான் நல்லது. இன்னொன்று, மணற்காட்டுக்குத் தெற்கே நாகர்கோவில் பக்கம் போர் முன்னரங்காக இருந்த நிலம். எவ்வளவு ஆசை வந்தாலும் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கக்கூடாது. கண்ணிவெடி என்று எச்சரிக்கும் சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் வந்த காலடியிலேயே திரும்பவேண்டும். லண்டன் பிள்ளைக்கு இதை இரண்டு தடவை சொல்லவேண்டும்.

கந்தரோடையின் பழமைக்கு மணற்காட்டுத் தேவாலயம் பக்கத்திலும் நிற்காது, நெடுந்தீவின் அழகும் இதற்கு இல்லை. ஆனால் மூன்றிலும் இது ஒன்றுதான் உண்மையில் நடந்து பார்க்கிற வழி. கீரிமலை வழியில் பாதித் தூரம் வாகனங்களுக்கு ஒதுங்குவதிலேயே போகிறது, நெடுந்தீவில் படகுக்குப் பயந்து ஓடுகிறோம். இங்கே மடம், கோயில், சவுக்கு, தேவாலயம் என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு நிழல் வருகிறது. அக்கா வல்லிபுரத்தோடு நின்றாலும் பாதி நாளை இழக்கமாட்டார்.

உங்கள் கூட்டம் வேறென்றால் முடிவும் வேறாகலாம். வயதான தாய் தகப்பனோடு போகிறவர்கள் ரயிலேறிக் கீரிமலைக்கே போங்கள், கந்தரோடையை ஓட்டோவில் பாருங்கள். மே மாதத்தில் வருகிறவர்கள் காண்டாவன வெயிலில் மணலை நினைக்கவே வேண்டாம். இரண்டு நாள் கையில் உள்ள இளம் ஆட்கள் தீவில் தங்குங்கள்.

மருமகனுக்குச் சொன்னேன். "அப்ப குதிரை?" என்று கேட்டான். "அடுத்தமுறை தனிய வா, ரெண்டு நாள் நிண்டு பாப்பம்" என்றேன். சமாதானம் ஆனானா தெரியாது, கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. காலை ஐந்தரைக்குப் புறப்படுகிறோம். அம்மா இப்போதே புளிச்சோறா இடியப்பமா என்று தொடங்கிவிட்டார். மணற்காட்டில் எங்களை ஏற்ற வரவேண்டிய ஓட்டோத் தம்பியோடும் கதைத்துவிட்டேன். "பதினொண்டுக்கு நிப்பன் அண்ணை, ஆனா தார் ரோட்டிலதான். மணலுக்கை இறக்கினால் பிறகு நீங்கள்தான் தள்ளவேணும்" என்றார்.